வனவுயிர் காத்தலும் பொதுநலச் சங்கங்களும்

காடும் களப்பும் அவற்றில் வாழும் உயிர்களும் நாட்டின் பொதுச் செல்வம். பொதுச் செல்வத்தைக் காத்தல் அரசின் கடமை. இவ்விரு கூற்றையும் மறுப்பார் இலர். ஆயின், இவற்றைக் கூறிய அளவில் நம்மிற் பலர் மூன்றாவதொரு முடிபுக்கும் வந்துவிடுகின்றனர். "ஆகவே அஃது எமது வேலையன்று" என்பதே அம்முடிபு. இது பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கல்லூரியின் விழா மலரில் இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்குத் தக்க காரணம் உண்டு. அது கட்டுரையின் முடிவில் விளங்கும்.

சங்கம் என்பது யாது?

பாரி முல்லைக்குத் தேர் ஈந்தமையும், பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தமையும் தமிழ் கற்பார் யாவரும் அறிந்தவை. வகுப்பில் இவற்றை யாம் பாடஞ் சொல்லுங்கால், "தேரை விட்டுச் சென்ற பின்னர் அந்த முல்லைக்கு யாது நேர்ந்தது?" என்று வினாவும் மாணவன் ஒருவன் எக்காலத்தும் இருப்பான். வகுப்பு நகைக்கும். எனினும் அவ்வினா நகைத்துத் தள்ளத்தக்கதன்று. வள்ளலின் அருள் ஒரு கணத்திற் பிறந்து செயலாகி முடிகின்றது. கொடிக்கு வேண்டுவனவோ நிலமும் நீரும் ஆண்டுதோறுங் காவலுமாம். பாரி மாய்ந்தபின் பறம்பு பிறர் கைப்பட்டது. அருளுடையார் ஒருவர் மறைந்த பின்னும் அவர் தொடங்கிய காவல் தொடர்ந்து நடைபெற வேண்டுமாயின், அதற்கு ஒரு கருவி வேண்டும். அக்கருவியே சங்கம்.

ஒரு பொது நோக்கம் பற்றித் தனிமக்கள் பலர் ஒன்றுகூடி, விதி வகுத்து, சந்தா செலுத்தி, கணக்கு வைத்து, எஞ்சும் பணத்தைத் தம்முட் பங்கிடாது அந்நோக்கத்திற்கே மீண்டும் செலவிடுவாராயின், அக்கூட்டத்தைப் பொதுநலச் சங்கம் என்கின்றோம். அஃது அரசுத் திணைக்களமும் அன்று. வணிகக் கம்பனியும் அன்று. சட்டம் ஆக்கும் ஆற்றலோ குற்றவாளியைத் தண்டிக்கும் ஆணையோ அதற்கு இல்லை. ஆயினும், தேர்தலோடு மாறாத நோக்கமும், இலாபத்தை எதிர்பாராத பொறுமையும் அதற்கு உண்டு. இவ்விரண்டையுங் கொண்டு அஃது எவற்றைச் சாதித்துள்ளது என்பதை இனிக் காண்போம்.

இலங்கையின் பழைய சங்கம்

முதலில் நம் நாட்டையே நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யானையைச் சுடுதல் இந்நாட்டு ஆங்கில உத்தியோகத்தருக்குப் பொழுதுபோக்காய் இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற மேஜர் றொஜர்ஸ் என்பாரின் பெயர் அக்கால நூல்களில் வியப்போடு பேசப்படுகின்றது. அரசும் இதனைத் தடுக்கவில்லை. பயிருக்குக் கேடு என்று கருதி, கொல்லப்பட்ட யானை ஒவ்வொன்றுக்கும் சன்மானம் வழங்கியது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848ஆம் ஆண்டிற்கு முன் மூன்றாண்டுக்குக் குறைந்த காலத்தில், 3,500 யானைகளுக்கு இவ்வாறு பணம் கொடுக்கப்பட்டதென்று குடியேற்றநாட்டுச் செயலாளராய் இருந்த எமர்சன் தெனன்ற் எழுதிவைத்துள்ளார். காக்குங் கடமை பூண்ட அரசே அழித்தவனுக்குக் கூலி கொடுத்த காலமும் இருந்தது என்பதை மாணவர் மனத்திற் பதித்தல் வேண்டும்.

இந்நிலையிலேதான், 1894ஆம் ஆண்டில், வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று இலங்கையில் நிறுவப்பட்டது. அதனை நிறுவியோரிற் பலர் தோட்டத்துரைமாராகவும் வேட்டைக்காரராகவும் இருந்தனர். விலங்குகள் முற்றாக ஒழிந்துவிடின் வேட்டையும் ஒழியுமே என்னும் அச்சமும் அவரை இயக்கிற்று என்பதை மறைத்தற்கில்லை. நோக்கம் அத்துணைத் தூயதன்று. எனினும் சங்கம் என்பது நிறுவியோரின் மனத்தளவில் நின்றுவிடுவதன்று. தலைமுறை மாற, உறுப்பினர் மாறினர். உறுப்பினர் மாற, நோக்கமும் விரிந்தது. வேட்டைக்காக விலங்கைக் காத்தல் என்பது, விலங்கின் பொருட்டே விலங்கைக் காத்தல் என்றாகி, பின்னர் அதன் உறைவிடத்தையுஞ் சேர்த்துக் காத்தல் என்றாயிற்று. பெயரும் அதற்கேற்ப மாறி, இன்று அது வனவுயிர், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமென வழங்குகின்றது. 1936இல் அச்சங்கம் தொடங்கிய சஞ்சிகைக்கு 'லோறிஸ்' என்று பெயர். லோறிஸ் என்பது நம் காடுகளில் இரவில் உலாவும் தேவாங்கேயாம்.

தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் இயற்றப்பட்டது. 1938இல் யாலவும் வில்பத்தும் தேசிய வனங்களாயின. நமது வடபுலத்துச் சுண்டிக்குளமும் அவ்வாண்டிலேயே பறவைகளின் சரணாலயமாயிற்று. வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் 1949இல் அமைந்தது. சங்கந் தோன்றியது 1894இல். திணைக்களந் தோன்றியது 1949இல். இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளும் அந்த விருப்பத்தை அணையாது காத்து, ஆட்சியாளரின் செவியில் ஓதிக்கொண்டிருந்த பணி சிறிதன்று.

தொப்பியும் கொக்கும்

சங்கத்திற்கு ஆணை இல்லை; குரல் உண்டு. அக்குரல் எவ்வளவு தூரஞ் செல்லும் என்பதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களின் தொப்பிகளைப் பறவைகளின் இறகுகள் அணிசெய்தன. வெண்கொக்கின் முதுகில் வளரும் மெல்லிய தூவிக்கு விலை மிகுதி. அத்தூவியோ இனப்பெருக்க காலத்திலேயே வளர்வது. ஆதலின் கொக்குகள் கூட்டிற் குஞ்சுகளோடு இருக்கும்போதே சுடப்பட்டன. தாய்ப்பறவை வீழ, குஞ்சுகள் கூட்டிலேயே பசியால் மடிந்தன. ஒரு தொப்பிக்காக ஒரு குடும்பமே அழிந்தது என்க.

இதனைக் கண்டு பொறாத எமிலி வில்லியம்சன் என்னும் மாது, 1889ஆம் ஆண்டில் மாஞ்செஸ்ரர் நகரின் அயலில் ஒரு சங்கத்தைத் தொடக்கினார். உணவுக்காகக் கொல்லப்படாத பறவையின் இறகை யாம் அணியோம் என்பதே உறுப்பினர் ஏற்ற விரதம். தீக்கோழிக்கு மாத்திரம் விலக்கு அளிக்கப்பட்டது. தொடக்கத்தில் உறுப்பினராயிருந்தோர் பெண்களே. அக்காலத்தில் அவர்களுக்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையும் இல்லை. வாக்கில்லாதோர் சட்டத்தை மாற்றுவது எவ்வாறு? முதலில் தம் நடையை மாற்றினர், பின்னர் அயலாரின் மனத்தை மாற்றினர், துண்டுப்பிரசுரம் வெளியிட்டனர், இறகு வியாபாரிகளோடு வாதிட்டனர். 1904இல் அச்சங்கம் அரச பட்டயம் பெற்றது. 1921இல் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. விரதத்திற்கும் சட்டத்திற்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. பயனைத் தாமே கண்டு மகிழ்வோம் என்னும் உறுதி இல்லாமலே அத்துணைக் காலம் உழைத்தல் சங்கத்திற்கு இயல்வது, தனியொருவருக்கு அரிது.

அமெரிக்காவிலோ வேறொரு குறை காணப்பட்டது. புளோரிடா மாநிலத்தில் 1901இல் பறவைகளைக் காக்குஞ் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டத்தை நடத்தக் காவலர் இல்லை. ஆகவே பறவை அன்பர்களின் சங்கங்கள் தம் பணத்திலேயே காவலரை அமர்த்தின. அவ்வாறு அமர்ந்தவருள் ஒருவர் கை பிராட்லி. அவர் 1905ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கொக்குகளைச் சுட்டவரைத் தடுக்கச் சென்றவிடத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் தண்டனை பெறவில்லை. எனினும் அவர் சிந்திய குருதி மக்கள் மனத்தைக் கலக்கிற்று. இறகு அணிதல் பெருமை என்றிருந்த நிலை மாறி, நாணத்தக்கது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஏட்டில் உள்ள சட்டம் வேறு, காட்டில் உள்ள காவல் வேறு என்பதை அவர் உயிர் கொடுத்து உணர்த்தினார்.

நிலத்தைக் காத்தல்

உயிரைக் கொல்லாதிருத்தல் மாத்திரம் காத்தல் ஆகாது. மீனைப் பிடியாது விட்டு, குளத்தை வற்றச் செய்தால் மீன் வாழுமா? வேட்டை தடுக்கப்பட்ட பின்னும் பல உயிர்கள் குறைந்துகொண்டே போயின. அவற்றின் உறைவிடம் சுருங்கினமையே காரணம். இதனைச் சில சங்கங்கள் முன்னரே உணர்ந்தன. இங்கிலாந்தின் தேசிய நம்பிக்கைப் பொறுப்புச் சங்கம் 1895இல் நிறுவப்பட்டது. அது 1899இல் விக்கென் என்னுஞ் சதுப்பு நிலத்தில் இரண்டு ஏக்கரை வாங்கிற்று. சுற்றிலும் சதுப்புக்களை வடித்து வயலாக்கிக்கொண்டிருந்த காலத்தில், சதுப்பைச் சதுப்பாகவே வைத்திருத்தற்குப் பணங் கொடுத்து வாங்குவது பலர்க்குப் பித்தாய்த் தோன்றியிருக்கும். அவ்விரண்டு ஏக்கர் இன்று பன்னூறு ஏக்கராகி, பல்லாயிரம் வகை உயிர்களுக்கு இடந் தந்து நிற்கின்றது.

அவொசெற் என்பது மேல்நோக்கி வளைந்த மெல்லலகுடைய கரையோரப் பறவை. ஏறத்தாழ நூறாண்டாக இங்கிலாந்தில் அது நிலையாகக் கூடுகட்டாது போயிற்று. இரண்டாம் உலகப் போரிற் பகைவர் கரையிறங்காதபடி சபொக் கரையின் தாழ்நிலங்கள் நீரால் நிரப்பப்பட்டன. போர் முடிந்தபின், 1947இல், அந்நீர்ப்பரப்பில் அவொசெற் மீண்டும் கூடுகட்டிற்று. உறைவிடம் அமைந்தால் உயிர் தானே வந்து சேரும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. எமிலி வில்லியம்சன் தொடக்கிய சங்கமே அவ்விடங்களைத் தன் காவலில் எடுத்துக்கொண்டது. அவொசெற்றின் உருவமே இன்று அச்சங்கத்தின் இலச்சினை.

வெற்றியும் அதன் எல்லையும்

அரேபியப் பாலைவனத்தில் வாழ்ந்த ஓறிக்ஸ் என்னும் வெண்ணிற மானினத்தின் வரலாறு, சங்கங்களின் ஆற்றலையும் அவ்வாற்றலின் எல்லையையும் ஒருங்கே காட்டுவது. மோட்டார் வண்டியும் புதிய துப்பாக்கியும் பாலைவனத்திற் புகுந்தபின் அவ்வினம் வேகமாய் அழிந்தது. 1903இல் தோன்றிய விலங்கினப் பாதுகாப்புச் சங்கமொன்று, 1962இல் ஒரு குழுவை அனுப்பி, எஞ்சியவற்றுட் சிலவற்றை உயிரோடு பிடித்து வரச் செய்தது. அவ்வாறு கிடைத்தவை மூன்றே. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையும், குவைத், சவூதி அரேபிய ஆட்சியாளரும் உதவ, தொகை ஒன்பதாயிற்று. அவ்வொன்பதும் பாலைவனத்தை ஒத்த காலநிலையுடைய அரிசோனாவில், பீனிக்ஸ் நகர விலங்குச்சாலையில் வளர்க்கப்பட்டன. 1972இல் காட்டில் எஞ்சியிருந்த ஓறிக்ஸ் மடிந்தது. 1982இல், வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை ஓமான் நாட்டுப் பாலைவனத்தில் மீண்டும் விடப்பட்டன. ஒன்பது உயிர் ஓர் இனமாயிற்று.

கதை இவ்விடத்து முடிந்திருப்பின் நன்றாயிருக்கும். அந்தச் சரணாலயம் உலக மரபுரிமை இடங்களுள் ஒன்றாயிற்று. 1996இல் அங்கே 450 ஓறிக்ஸ்கள் வாழ்ந்தன. பின்னர்க் களவாய்ப் பிடிப்போர் பெருகினர். அரசு சரணாலயத்தின் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் குறைத்தது. 2007இல் 65 விலங்குகளே எஞ்ச, அவற்றுள்ளும் ஈனத்தக்க இணைகள் நான்களவே இருக்க, உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து அவ்விடம் நீக்கப்பட்டது. அவ்வாறு நீக்கப்பட்ட முதலிடம் அதுவே. வேறு நாடுகளிலும் விடப்பட்டமையால் இனம் பிழைத்துக்கொண்டது. 2011இல் காட்டில் வாழ்பவை ஏறத்தாழ ஆயிரம் எனக் கணக்கிடப்பட்டன. இவற்றால் நாம் அறிவது யாது? சங்கம் ஓர் இனத்தை மரணத்தின் வாயிலிருந்து மீட்கும். ஆனால் நிலத்தின் மீது ஆணையுடையது அரசு. நிலத்தின் மீது வாழ்வோர் மக்கள். இவ்விருவரும் துணை நில்லாராயின், சங்கம் மீட்டதும் மீண்டும் இழக்கப்படும்.

மக்களைப் பகைத்துக் காத்தல் நிலையாது

மக்கள் துணைநிற்றற்கு உதாரணம் தமிழ்நாட்டிலேயே உண்டு. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல் ஏரிக்கு மழைகாலத்தில் நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து கூடுகட்டும். பறவைகளின் எச்சம் ஏரிநீரிற் கலந்து வயலுக்கு உரமாவதை அவ்வூர் உழவர் நெடுங்காலமாய் அறிந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரவர் கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளை எவரும் துன்புறுத்தலாகாதென்னும் ஆணையை எழுத்தில் பெற்றனர். சங்க விதிகளோ சந்தாவோ அவர்களிடம் இல்லை. எனினும் பொதுநலச் சங்கத்தின் உயிர்நிலை அவர்களிடம் இருந்தது. பறவைக்கும் உழவனுக்கும் ஒரே ஏரி வாழ்வளித்ததனால், காவல் தானே நிலைத்தது.

நம் நாட்டிலோ உழவனுக்கும் யானைக்கும் பகை முற்றிவிட்டது. 2011இல் எடுத்த கணக்கின்படி இலங்கையில் இருந்த காட்டியானைகள் 5,879. 2019 முதல் 2023 வரை ஆண்டுதோறும் முந்நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. மனிதரும் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்டோர் யானைகளால் உயிரிழந்தனர். ஒரு பருவத்து உழைப்பை ஓரிரவில் இழந்த உழவனிடம் உயிர்களிடத்து அன்பு வேண்டும் என்று போதிப்பது எளிது. ஆனால் அவன் பிள்ளைகள் அன்றிரவு உண்ண வேண்டும். வன்னியிலும் மன்னாரிலும் உறவினரை உடைய நம் மாணவர் பலர்க்கு இது நேரிலே தெரிந்த துயரம்.

யானைகளை வேலிக்குட் சரணாலயத்தில் அடைத்துவிட்டால் தொல்லை தீரும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பாதுகாப்புக்கும் ஆராய்ச்சிக்குமான நிலையம் என்னும் இலங்கைப் பொதுநல அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர் இக்கருத்தைச் சோதித்தனர். 2021இல் வெளிவந்த ஆய்வின்படி, இலங்கையின் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கில் யானைகள் உலாவுகின்றன. அவை உலாவும் இடங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கில் மனிதரும் குடியிருக்கின்றனர். ஆகவே எல்லா யானைகளையும் சரணாலயத்துள் அடைத்தல் இயலாது. அடைப்பினும் அவற்றுக்கு ஆண்டு முழுவதும் இரை கிட்டாது. திணைக்கள எல்லையை நோக்கி இடப்பட்ட மின்வேலிகள் பலவற்றுக்கு இருபுறமும் யானைகள் நிற்கின்றன.

இதற்கு அவ்வமைப்பினர் கண்ட வழி எளியது. யானையைச் சுற்றி வேலி இடாது, ஊரையும் வயலையும் சுற்றி வேலி இடுக. வயலைச் சுற்றும் மின்வேலியை உழவர் சங்கமே விதைப்புக் காலத்தில் நாட்டும், காக்கும், அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கும். பின்னர் வரும் வறட்சியில் யானைகள் வயலிற் புகுந்து எஞ்சிய தாளை மேய்ந்து செல்லும். வேலி பழுதுற்றால் இழப்பு உழவனுக்கே ஆதலின், அவன் அதனைப் பழுதுற விடான். அறிவு ஆய்வாளரிடமிருந்தும், உழைப்பு ஊரவரிடமிருந்தும், அனுமதி அரசிடமிருந்தும் வந்து ஓரிடத்திற் கூடுகின்றன. பொதுநலச் சங்கத்தின் உண்மையான இடம் இதுவே என்பது எமது துணிபு. அது பிறர் வேலையைப் பறித்துச் செய்வதன்று. ஒருவரையொருவர் அறியாது நிற்கும் மூவரை ஒரு வேலைக்கண் சேர்ப்பது.

நாம் செய்யத்தக்கது

இனி, இதனை இம்மலரில் எழுதிய காரணத்தைக் கூறுவாம். இந்நாட்டில் இந்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டியிருந்த காலத்தில் நம் முன்னோர் அரசு வந்து நிறுவுமென்று காத்திருந்தாரல்லர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் பாடசாலை நிறுவினார். வீடுதோறும் சேர்த்த பிடியரிசி அதற்குத் துணையாயிற்று. பின்னர்ச் சபைகளும் சங்கங்களும் தோன்றிக் கல்லூரிகளை எழுப்பின. உலைக்கு எடுத்த அரிசியில் ஒரு பிடியை ஒதுக்கி வைத்த பெண்மணியும், இறகை அணியேன் என்று விரதம் பூண்ட இங்கிலாந்து மாதும் ஒரே நெறியில் நின்றவர்களே. பழைய மாணவர் சங்கமும் அத்தகைய பொதுநலச் சங்கமன்றோ? விதியும் சந்தாவும் கணக்கும் நமக்கு உள. நம்முள் மருத்துவர், பொறியியலாளர், வழக்கறிஞர், உழவர், ஆசிரியர் உளர். இல்லாதது நோக்கத்தை இன்னுஞ் சிறிது விரித்தல் ஒன்றே.

காக்கத்தக்கவை நம் அயலிலேயே உள்ளன. 1938இற் சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசிய வனமாயிற்று. மன்னாரின் வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் வரிசையிற் சேர்ந்தது. மாரிகாலத்தில் வடதிசையிலிருந்து வலசை வரும் பறவைகள் நம் களப்புக்களிற் கூடுகின்றன. பூநாரைக் கூட்டங்களையும் அங்கே காணலாம். சட்டம் இவற்றின் எல்லையை வரைந்துவிட்டது. ஆனால், பிராட்லியின் வரலாறு கூறுவதுபோல், எல்லை வரைதல் காவலன்று.

யாம் வேண்டுவன பெரியனவல்ல. கல்லூரியில் இயற்கைக் கழகம் ஒன்று அமைக. அதன் மாணவர் மாதந்தோறும் ஒரு குறித்த நாளில், ஒரு குறித்த குளக்கரையில் நின்று, கண்ட பறவைகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுக. இவ்வாண்டு எழுதுவது அற்பமாய்த் தோன்றும். பத்தாண்டு எழுதிய ஏடு அரசும் மறுக்கவியலாத சான்றாகும். பழைய மாணவர் அவர்களுக்கு ஒரு தொலைநோக்கியும் போக்குவரத்துச் செலவும் உதவுக. குளத்தைக் குப்பையால் நிரப்புவாரையோ கண்டற் காட்டை வெட்டுவாரையோ கண்டவிடத்து, வெறுங் கோபத்தோடன்றி, நாளும் இடமும் குறித்த விண்ணப்பத்தோடு உரிய அதிகாரியை நாடுக. அக்குளத்தாலும் கண்டலாலும் வாழும் மீனவரையும் உழவரையும் முதலிற் கேட்டறிக. அவர்களை விட்டுச் செய்யும் காவல் நிலையாது. சேர்த்த பணத்தின் கணக்கை ஆண்டுதோறும் எல்லாரும் காண வெளியிடுக. கணக்கு மறைந்தவிடத்துச் சங்கமும் மறையும்.

மாணவர்காள், பாரியின் முல்லைக்கு யாது நேர்ந்தது என்ற வினாவுக்கு விடை நூலில் இல்லை. நம் குளத்துப் பறவைக்கு யாது நேர்ந்தது என்று நாளை ஒரு மாணவன் வினாவுவானாயின், விடை அக்குறிப்பேட்டில் இருத்தல் வேண்டும். அதன் முதற்பக்கத்தை எழுதுவது நும் கையிலுள்ளது. ஏடு முடிந்ததும் அடுத்த ஏட்டை வாங்கித் தருவது நும் அண்ணன்மார் கையிலுள்ளது.